எம்ஜிபியைத் தினசரி காராக ஓட்டுவது: துருவும் உப்பும் 3,000 மைல் கணக்கும்

கேள்வி: பிரிட்டனில் இருக்கிறேன். 1972-ஆம் வருட எம்ஜிபி ஜிடி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வேலைக்குப் போகவர ஒரு நாளைக்கு 30 மைல் ஆகும். மழை, குளிர் பாராமல் இதையே ஓட்ட நினைக்கிறேன். நடக்குமா? வாங்கும்போது எதைப் பார்ப்பது, வாங்கியபின் எதை மாற்றுவது?

பதில்: நடக்கும். எம்ஜிபி பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்தான், ஆனால் வார இறுதிக்கென்று செய்த கார் இல்லை. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள். வாங்கியவர்களில் பலர் அதைத் தினசரிக் காராகவே ஓட்டினார்கள். உள்ளே இருக்கும் 1,798 சிசி பி-சீரிஸ் என்ஜின், குடும்பக் கார்களில் ஓடிய அதே வகை. நம் ஊர் அம்பாசடரில் பல்லாண்டு ஓடிய 1,489 சிசி பெட்ரோல் என்ஜினும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அம்பாசடருக்கு டாப்பெட் (வால்வு இடைவெளி) செட் செய்தவர் எம்ஜிபியின் பானெட்டைத் திறந்தால் ஒன்றும் புதிதாகத் தெரியாது. அதனால் என்ஜினைப் பற்றிய பயம் வேண்டாம். இந்தக் காரை உண்மையில் கொல்வது இரண்டு: குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு, அடுத்தது வருடத்துக்கு ஒரு சர்வீஸ் போதும் என்ற பழக்கம்.

முதலில் பாடியைப் பாருங்கள். எம்ஜிபிக்குத் தனி சேஸி கிடையாது. தகரப் பாடியேதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. அதில் முக்கியமானது கதவுக்கு அடியில் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் சில். வெளியே தெரியும் தகரம், நடுவில் ஒரு நிமிர்ந்த தகடு, உள்ளே தரையோடு சேரும் பகுதி என்று அடுக்கடுக்காக வெல்டிங் செய்த பெட்டி அது. துரு உள்ளிருந்துதான் வெளியே வரும். வெளியில் பெயின்ட் லேசாகக் கொப்பளித்திருந்தால் நடுத்தகடு ஏற்கெனவே போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கதவை மூடி, கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பக்கத்து ஜாக்கி பாயிண்டில் காரைத் தூக்கி, மறுபடி பாருங்கள். இடைவெளி குறுகினாலோ, கதவு திறக்கும்போது உரசினாலோ சில்லுக்குப் பலம் இல்லை. ஜாக்கி பாயிண்ட் நொறுங்குகிறது என்றால் அதற்குமேல் சோதிக்கவே தேவையில்லை. பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கவரைச் சில்லின்மேல் ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய சில்லின் மேலேயே புதுத் தகரத்தை வைத்து வெல்டிங் அடித்த கார்களும் நிறைய உண்டு. ஒழுங்காகச் சில் மாற்ற வேண்டுமானால் முன் மட்கார்டைக் கழற்றவோ அதன் அடிப்பகுதியை வெட்டவோ வேண்டும், பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் சில்லின் இரு முனைகளும் அவற்றுக்குள் நுழைகின்றன. பின் மட்கார்டில் வெட்டிச் சேர்த்த அடையாளம் இல்லாமல் "சில் புதுசு" என்று யாராவது சொன்னால் வேலையின் போட்டோக்களைக் கேளுங்கள்.

அடுத்து பேட்டரிப் பெட்டி. 1972 காரில் பின் சீட் தரைக்குக் கீழே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் ஆளுக்கொரு பெட்டியில் தொங்கும். மேலிருந்து ஆசிட், கீழிருந்து உப்புத் தண்ணீர். அதற்குப் பக்கத்திலேயே பின் ஸ்பிரிங்கின் முன் கொக்கி பொருந்தும் இடமும் இருப்பதால் அதையும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். முன் மட்கார்டின் மேல்பக்கம், கதவு அடி, கால் வைக்கும் தரை ஆகியவையும் துருப்பிடிக்கும்; அவற்றைச் சரிசெய்வது அவ்வளவு கஷ்டமில்லை. கதவின் மேல்விளிம்பில், முக்கோணக் கண்ணாடியின் அடியில் ஒரு விரிசல் பல கார்களில் இருக்கும். பார்வைக்குத்தான் அசிங்கம், பலத்தைக் குறைப்பதில்லை. பாடி மொத்தமாகப் போயிருந்தாலும் வழி அடைபடவில்லை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988-லிருந்து பழைய அச்சுகளைக் கொண்டே புது எம்ஜிபி பாடிகளைச் செய்கிறது. ஆனால் அந்த வேலைக்கு ஆகும் பணத்தில் ஏற்கெனவே முடித்துவைத்த நல்ல கார் ஒன்றை வாங்கிவிடலாம். என் அறிவுரை இதுதான்: என்ஜின் களைத்த, பாடி உறுதியான காரை வாங்குங்கள். என்ஜின் பளிச்சென்றும் சில் ஓட்டையுமாக இருக்கும் காரை விட்டுவிடுங்கள்.

ஜிடியைத் தேர்ந்தெடுத்திருப்பது நல்ல முடிவு. திறந்த ரோட்ஸ்டரின் கான்வாஸ் டாப் மழையில் எங்காவது சொட்டும், கத்தி வைத்துக் கிழித்தால் உள்ளே வந்துவிடலாம். ஜிடிக்கு இரும்புக் கூரை, பெரிய பின்கதவு, மடக்கக்கூடிய பின் சீட். மளிகை வாங்கிப்போட இடமுண்டு. 1974 கடைசியில் வந்த கறுப்பு ரப்பர் பம்பர் கார்கள் ஒன்றரை அங்குலம் உயரமாக நிற்பவை. அவற்றில் பலவற்றில் 1976 வரை, சாய்வைத் தடுக்கும் முன் ஆன்டி-ரோல் பார் பொருத்தப்படாததால் வளைவில் சாய்வு அதிகம். விலை குறைவு என்பதால் தினசரி ஓட்டத்துக்கு அவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை, சஸ்பென்ஷனைத் திருத்திக்கொள்ளலாம்.

காரில் ஓவர்டிரைவ் (அதே வேகத்துக்கு என்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு) இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 1972-ல் அது கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் வசதி. நேர் 4-ஆம் கியரில் 1,000 ஆர்பிஎம்முக்குச் சுமார் 18 மைல் வேகம் கிடைக்கும். மோட்டார்வேயில் 70 மைல் வேகத்துக்கு என்ஜின் 3,900-ல் கத்திக்கொண்டிருக்கும். ஓவர்டிரைவ் போட்டால் அதே வேகத்துக்கு 3,200 போதும். தினமும் மோட்டார்வே ஏறுபவருக்கு இது காதுக்கும் பெட்ரோலுக்கும் பெரிய வித்தியாசம். "ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை, பெட்டி போயிற்று" என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். முக்கால்வாசி நேரம் பிரச்சினை மின்சாரத்தில்தான் இருக்கும். கியர்பாக்ஸ் மேலிருக்கும் தடுப்பு சுவிட்ச், கீழே எண்ணெயும் தண்ணீரும் படும் வயர் இணைப்புகள் இரண்டையும் முதலில் பாருங்கள். பிறகு கியர்பாக்ஸ் ஆயில் அளவு. ஓவர்டிரைவும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலைப் பகிர்கின்றன. அது என்ஜினுக்கு ஊற்றும் 20டபிள்யூ-50 ஆயிலேதான். பின் ஆக்ஸிலுக்கான இபி90 ஆயிலைக் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள்.

இனி பெட்ரோல். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண 95 ஆக்டேன் பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும். ஹோஸ் உள்ளே உரிந்து தூள்தூளாக வந்து கார்புரேட்டரின் ஊசி வால்வை அடைக்கும். வெளியே வெடித்துக் கசிந்தால் சூடான என்ஜின் மேலேயே பெட்ரோல் சொட்டும். அதனால் காரை வாங்கிய முதல் வாரமே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் ஹோஸையும் ஆர்9 தரம் அச்சிட்ட புது ஹோஸாக மாற்றுங்கள். பின்னல் துணி சுற்றிய ஹோஸ் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உள்ளே விரிசல் விட்டாலும் தெரியாது. வேண்டாம். பெட்ரோல் போடும்போது 97-க்கு மேற்பட்ட சூப்பர் வகை இ5 போடுங்கள். எத்தனால் குறைவு என்பதோடு, இந்த என்ஜினின் கம்ப்ரெஷனுக்கும் அந்த ஆக்டேன்தான் பொருந்தும்.

ஈயம் கலந்த பெட்ரோல் 1999 இறுதியோடு பெட்ரோல் பங்க்குகளிலிருந்து போய்விட்டது. ஹெட்டில் கடின எக்ஸாஸ்ட் வால்வு சீட் போட்டிருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பில் இல்லையென்றால் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டாப்பெட் இடைவெளியைச் செட் செய்து எழுதிவையுங்கள். ஆயிரம் மைல் ஓட்டிவிட்டு மறுபடி அளந்துபாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வுகளின் இடைவெளி மட்டும் திரும்பத் திரும்பக் குறைந்தால் சீட் தேய்ந்து வால்வு உள்ளே அமிழ்கிறது என்று பொருள். அதுவரை பெட்ரோலில் ஈயத்துக்கு மாற்றான மருந்தைக் கலந்து ஓட்டலாம். தேய்மானம் உறுதியானால் ஹெட்டைக் கழற்றிச் சீட் போட்டுவிடுங்கள்.

நிதானமான ஓட்டத்தில் ஒரு கேலனுக்கு 25 முதல் 28 மைல் எதிர்பார்க்கலாம். வாரத்துக்கு 150 மைல் என்றால் 26 லிட்டர் சுமாருக்கு ஆகும்.

சர்வீஸ் கணக்குதான் பலரும் தவறும் இடம். காட்சிக்கு ஓட்டும் எம்ஜிபி வருடத்துக்கு 1,500 மைல் போனால் அதிகம். அதற்கு வருடாந்திர சர்வீஸ் போதும். உங்கள் கார் வருடத்துக்குச் சுமார் 7,000 மைல் போகும். தயாரிப்பாளர் விதித்த அடிப்படை இடைவெளி 3,000 மைல். அதாவது 20 வாரத்துக்கு ஒரு சர்வீஸ். இதைக் காலண்டரில் எழுதிவையுங்கள். ஆயில், ஃபில்டர், பிளக், டாப்பெட், கிரீஸ் எல்லாம் சேர்ந்து சனிக்கிழமை காலையில் முடிந்துவிடும் வேலை. துத்தநாகச் சேர்க்கை உள்ள 20டபிள்யூ-50 மினரல் ஆயில் 4 லிட்டர் அளவில் பிடிக்கும். டிப்ஸ்டிக்கைப் பார்த்து முடியுங்கள். நவீன கார்களுக்கான மெல்லிய ஆயிலில் துத்தநாகம் குறைவு, டாப்பெட்டும் கேம்ஷாஃப்டும் தேயும். சூடேறிய என்ஜினில் ஓட்டத்தின்போது ஆயில் பிரஷர் 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐட்லிங்கில் 15-க்குக் குறையாமல் இருந்தால் நல்ல என்ஜின்.

கிரீஸை மறக்கவே கூடாது. முன் சக்கரம் திரும்பும் கிங்பின்களில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை), மொத்தம் ஆறு. புரொப்பல்லர் ஷாஃப்டிலும் ஹேண்ட் பிரேக் கேபிளிலும் ஒன்றிரண்டு இருக்கும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தில் பாரம் இல்லாமல் இருக்கும்போதுதான் கிரீஸ் கன் வைத்து அடிக்க வேண்டும். பாரத்தோடு அடித்தால் தேவையான பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடியுங்கள். ஒரு நிப்பிளில் கிரீஸ் ஏறாவிட்டால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அல்லது புதிது போடுங்கள், விலை சில்லறைதான். கிரீஸ் அடிக்காமலே விட்டுவிட்டால் மொத்தக் கிங்பின்னையும் மாற்ற வேண்டிவரும். முன் சக்கர பேரிங்கைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் ஸ்பேசரையும் ஷிம்களையும் அப்படியே திரும்பப் போட வேண்டும். ஸ்பேசரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுக் கார்போல நட்டை இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஸ்பேசர்தான் ஸ்டப் ஆக்ஸிலுக்குப் பலம். அது இல்லாமல் ஆக்ஸில் ஒடியக்கூடும்.

என்ஜின் டியூனிங்கில் வரிசை முக்கியம்: முதலில் டாப்பெட், பிறகு இக்னிஷன், கார்புரேட்டர் கடைசி. மேலே உள்ளதைச் சரிசெய்யாமல் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருப்பதால்தான் இந்தக் கார்களுக்குக் கெட்ட பெயர்.

டாப்பெட் இடைவெளி குளிர்ந்த என்ஜினில் 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. முன்னிருந்து எண்ணினால் வால்வு எட்டு. ஒன்பது கணக்கை நினைவில் வையுங்கள்: 8-ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஐச் செட் செய்ய வேண்டும், 6 திறந்திருக்கும்போது 3-ஐ, 3 திறந்திருக்கும்போது 6-ஐ. கூட்டினால் எப்போதும் 9 வரும்.

இக்னிஷனில் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025. பிளக்குக்கு என்ஜிகே பிபி6இஎஸ் நன்றாகப் பொருந்தும். டைமிங் பார்க்கும்போது வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, வேகம் 3,500 தாண்டியபின் மொத்த அட்வான்ஸ் (பிளக்கில் பொறி முந்தி விழும் அளவு) 30 முதல் 32 டிகிரிக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்பதால் ஐட்லிங்கில் மட்டும் பார்த்து வைத்த டைமிங் மேலே போகும்போது தப்பாகிவிடும். தினசரி ஓட்டத்துக்கு எலெக்ட்ரானிக் மாட்யூல் போடுவது சரியே; பாயிண்ட் தேய்மானம் என்ற தொல்லை விட்டது. ஆனால் என்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆனில் விட்டால் மலிவான மாட்யூல்கள் கருகிவிடும். அதனால் கழற்றிய பாயிண்டையும் கண்டன்சரையும் பேஸ் பிளேட்டோடு டிக்கியில் வைத்திருங்கள், சாலையோரத்தில் பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். இன்று கடையில் கிடைக்கும் மலிவான ரோட்டாரும் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் பகுதி) கண்டன்சரும்தான் எதிர்பாராமல் வண்டியை நிறுத்தும் முதல் காரணம். பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்திய கறுப்பு ரோட்டாரில் அந்த ரிவெட் வழியாகவே கரன்ட் ஷாஃப்டுக்குப் பாயும். என்ஜின் சூடானபின் மிஸ்ஸிங் அடித்து நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும். ரிவெட் இல்லாத சிவப்பு வகை ரோட்டாரை வாங்குங்கள், பிரச்சினை தீரும்.

கார்புரேட்டர் எஸ்யூ நிறுவனத்தின் இரட்டை வகை. பிஸ்டன் மேலுள்ள கறுப்பு மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் துளையின் விளிம்புக்கு அரை அங்குலம் மேல்வரை 20டபிள்யூ-50 ஆயில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அது வற்றினால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி திணறும். கலவை சரியா என்று பார்க்க, ஏர் ஃபில்டரைக் கழற்றி, சூடான என்ஜினில் ஒரு பிஸ்டனை 0.8 மி.மீ. அளவுக்கு மெதுவாகத் தூக்குங்கள். வேகம் சற்றே ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஏறி அங்கேயே நின்றால் பெட்ரோல் அதிகம். விழுந்து நிற்கப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஜெட் நட்டை ஒருமுறைக்கு ஒரு முகம் மட்டும் திருப்புங்கள். எவ்வளவு திருப்பினாலும் ஐட்லிங் நிலைக்கவில்லை என்றால் திராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து பக்கவாட்டில் காற்று இழுக்கிறது. அதைப் புது புஷ் போட்டுத்தான் தீர்க்க முடியும்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சோக்கை முழுதாக இழுத்து, சாவியைத் திருப்பி, பெட்ரோல் பம்பின் டிக்-டிக் ஓசை நிற்கும்வரை காத்திருந்து, பிறகு செல்ஃப் அடியுங்கள். நின்ற இடத்திலேயே சூடாக்க வேண்டாம், உடனே மெதுவாகக் கிளம்புங்கள். ஒரு மைலுக்குள் சோக்கைப் படிப்படியாக உள்ளே தள்ளிவிடுங்கள். இழுத்தபடியே விட்டால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு போகும். பம்ப் ஓசையே கேட்காவிட்டால் அதன் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். பின் சக்கரத்துக்கு முன்னால், காருக்கு அடியிலிருக்கும் அந்தப் பம்பை லேசாகத் தட்டினால் அன்றைக்கு வீடு வரை போய்ச்சேரலாம். அடுத்த வாரமே பாயிண்ட் இல்லாத எலெக்ட்ரானிக் பம்பாக மாற்றிவிடுங்கள்.

மின்சாரத்தில், பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தைத் திட்டுவது வழக்கம். உண்மையில் ஐம்பது வருடத்து இணைப்புகள் பச்சை பூத்திருப்பதே காரணம். எர்த் இணைப்புகள் ஒவ்வொன்றையும் கழற்றி, எமரி தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினால் பாதிக் கோளாறு மறையும். பிறகு கரன்ட் கணக்கு. குளிர்கால மாலையில் மழையோடு நெரிசலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாலஜன் ஹெட்லைட் 10 ஆம்பியர், பக்க விளக்கும் பின் விளக்கும் 3, வைப்பர் 3 அல்லது 4, ஹீட்டர் ஃபேன் 4, இக்னிஷன் 4, பின் கண்ணாடி ஹீட்டர் இருந்தால் இன்னும் 5 சேரும். மொத்தம் 30 ஆம்பியரைத் தொடும். பழைய ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் தருவதே 34-36. ஐட்லிங்கில் அதில் பாதிகூடத் தராது. தினமும் இப்படி ஓடினால் பேட்டரி மெல்ல மெல்ல இறங்கிவிடும். அதே இடத்தில் பொருந்தும் 45 ஆம்பியர் 18ஏசிஆர், அல்லது அதற்கும் மேல் தரும் புது ஆல்டர்னேட்டர் ஒன்றைப் போடுங்கள். ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே கட்டாயம், ஏனென்றால் பழைய அமைப்பில் முழுக் கரன்டும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகவே போய் அதைக் கருக்குகிறது. ரிலே போட்டால் வெளிச்சமும் கண்கூடாகக் கூடும். இரட்டை 6 வோல்ட் பேட்டரிக்குப் பதில் ஒரு பெட்டிக்குள் அடங்கும் 12 வோல்ட் ஒன்றை வைக்கலாம். டெர்மினல் மேல் மூடித்தகட்டைத் தொடாதபடி ரப்பர் மூடி போடுங்கள்.

ஹீட்டர் சூடாகவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஹீட்டர் பெட்டிக்குள் இருக்கும் ஃபோம் விளிம்புகள் மக்கிப்போய், சூடான காற்று கண்ணாடிக்குப் போகாமல் பானெட்டுக்குள் கசிவதே பெரும்பாலும் காரணம். ஃபோமை மாற்றி, ஹீட்டர் மேட்ரிக்ஸை (அதன் சிறு ரேடியேட்டரை) எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவி, 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் ஜிடிக்குள் குளிர்காலத்தில் வசதியாகவே உட்காரலாம்.

கிளட்ச் விஷயத்தில் ஒரு பழக்கம் அவசியம். இந்தக் காரின் ரிலீஸ் பேரிங் உருளும் பேரிங் அல்ல, கார்பன் வளையம். பெடலை மிதித்தபடி சிக்னலில் நின்றால் அது தேய்ந்துகொண்டே இருக்கும். அதை மாற்ற என்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடுங்கள்.

பிரேக்கில் முன் டிஸ்க், பின் டிரம். ஏபிஎஸ் இல்லை. காரை வாங்கியதும் இரும்பு பிரேக் பைப்களைத் தாமிர-நிக்கல் பைப்களாக மாற்றி, ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாக்கி, டாட் 4 திரவம் ஊற்றுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுங்கள். பிரிட்டனில் விற்ற 1972 எம்ஜிபியில் ஹைட்ராலிக் ஒரே சர்க்யூட்தான். எங்கேனும் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதனால் இந்தச் செலவில் சிக்கனம் வேண்டாம். முன் சஸ்பென்ஷனுக்கு எம்ஜிபி வி8 காரின் புஷ்கள் அப்படியே பொருந்தும், சாதாரணப் புஷ்ஷைவிட நெடுநாள் உழைக்கும். டயரின் பக்கத்திலிருக்கும் நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். பட்டன் ஆழமாக இருந்தாலும் பத்து வயதான டயர் ஈரச் சாலையில் பிடிக்காது. கம்பிச் சக்கரங்கள் அழகுதான், ஆனால் உப்புச் சாலையில் அவற்றைச் சுத்தம் செய்வதும் சக்கரம் மாட்டும் பல் அமைப்பான ஸ்ப்ளைனைத் தேயாமல் காப்பதும் தினசரிக் காருக்குக் கூடுதல் சுமை. ரோஸ்டைல் ஸ்டீல் சக்கரம் இருந்தால் அப்படியே வைத்திருங்கள்.

இப்போது உப்பு. நவம்பர் வாக்கில் தொடங்கி மார்ச் வரை பாறை உப்பு தூவப்படும். செப்டம்பரில், தகரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, காரின் அடியை முழுக்கக் கழுவி உலர்த்தி, சில், கதவு அடி, சக்கர வளைவு ஆகியவற்றின் உட்குழிவுக்குள் நீண்ட குழாய் வைத்து மெழுகு அடியுங்கள். டைனிட்ரால், வாக்ஸாயில் போன்றவை இதற்கென்றே உள்ளவை. தார் போன்ற அண்டர்சீல் வேண்டாம். அது காய்ந்து வெடித்து, வெடிப்புக்குள் உப்புத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். மேலே பார்த்தால் கறுப்பாக நன்றாகவே தெரியும். மெழுகு அடித்தபின் சில்லின் அடியிலும் கதவின் அடியிலும் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட மறக்காதீர்கள். குளிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, உறைபனி இல்லாத நாளில், முன் சக்கர வளைவின் பின்மூலையில் மண் தேங்கும் இடத்தைக் குழாய்த் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள். கண்ணாடிக்கு முன்னால் ஹீட்டருக்குக் காற்றெடுக்கும் கிராதிக்குக் கீழே ஒரு வடிகால் குழாய் இருக்கிறது. இலை அடைத்தால் தண்ணீர் காலடிக்கு வந்து தரைத் தகரத்தை அரிக்கும். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும்.

சட்டப்படி 40 வயது தாண்டிய கார் வரலாற்று வகுப்பில் பதிவானால் சாலை வரி இல்லை. 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யாத 40 வயதுக் காருக்கு எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. லண்டனில் அதிகப் புகை விடும் வாகனங்களுக்கு விதிக்கும் யூலெஸ் கட்டணத்திலிருந்தும் வரலாற்று வகுப்புக் காருக்கு விலக்கு உண்டு. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை தானாகவே எம்ஓடிக்குக் கொண்டுபோங்கள். கார் சாலைக்குத் தகுதியானதாக இருக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையதே, லிஃப்டில் ஏற்றிப் பார்க்க அதைவிட மலிவான வழியும் இல்லை. இன்சூரன்ஸில் கவனம்: பழைய கார்களுக்கான மலிவுப் பாலிசிகள் பல வருட மைலேஜுக்கு வரம்பு வைக்கும், வேலைக்குப் போகவர ஓட்டுவதைச் சேர்க்காது, வீட்டில் வேறொரு கார் இருக்க வேண்டும் என்றும் கேட்கும். 7,000 மைலும் வேலைப் பயணமும் எழுத்தில் இருக்கும்படி வாங்குங்கள். மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பாலிசியாகவும் இருக்கட்டும்.

டிக்கியில் நிரந்தரமாக இருக்க வேண்டியவை: ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் மேல் ஹோஸ், ரோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பாயிண்டும் கண்டன்சரும், இரண்டு பிளக், ஒரு முழம் பெட்ரோல் ஹோஸும் கிளிப்பும், கண்ணாடி ஃபியூஸ்கள், பல்புகள், ஒரு லிட்டர் ஆயில், தண்ணீர், தீயணைப்பான். ஃபியூஸில் அச்சிட்ட 35 ஆம்பியர் அது எரியும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17-தான், நவீன 35 ஆம்பியர் ஃபியூஸை அங்கே போடாதீர்கள். ஸ்பேனர்கள் அங்குல அளவு: 7/16, 1/2, 9/16 இந்த மூன்றும் பெரும்பாலான வேலைக்குப் போதும். மில்லிமீட்டர் ஸ்பேனரால் திருகினால் நட்டின் முனை உருண்டுவிடும்.

முதல் மாதத்தில் வேலைகளை இந்த வரிசையில் முடியுங்கள்: பிரேக் பைப்பும் ஹோஸும், பெட்ரோல் ஹோஸ், டயர், எல்லா ஆயிலும் கிரீஸும், கூலன்ட், பிறகு டாப்பெட்டிலிருந்து கார்புரேட்டர் வரை டியூனிங், கடைசியாக ரிலேயும் ஆல்டர்னேட்டரும். இந்த மாதம் முழுக்க வேலைக்கு பஸ்ஸிலோ ரயிலிலோ போங்கள், மாலையிலும் சனி ஞாயிறிலும் சுற்றுவட்டாரத்தில் ஓட்டிப் பாருங்கள். 300 மைல் வரை எதுவும் கசியாமல், சூடேறாமல் ஓடினால் அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்துக்கு எடுத்துப்போகலாம்.